ஹோசியா அண்ணன் முகம் சுளித்த மூன்றாவது பாட்டு

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கட்டுரை கேட்டார். அமெரிக்காவில், மெம்ஃபிஸில்தானே கிடக்கிறாய், வானொலிக்கு வராமல் ஊருக்குள்ளேயே கைமாறிச் சுற்றுகிற ராப் தொகுப்பு ஒன்றை எடுத்து ரசனையோடு எழுதிக் கொடு என்றார். ரசனைக் கட்டுரையின் இலக்கணம் எனக்குத் தெரியும். முதல் பத்தியில் மழை பெய்ய வேண்டும். நடுவில் எங்காவது 'விளிம்பின் குரல்' என்று வர வேண்டும். கடைசிப் பத்தியில் எழுதியவரின் கண்கள் கலங்க வேண்டும். பாட்டு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

நான் எடுத்த தொகுப்பின் பெயர் 'டிக்கி திறந்திருக்கு'. ஏழு பாட்டுகள். பாடியவன் லில் கோரி. ஆறடிக்கு மேல் இருப்பான். எங்கள் பக்கத்தில் பாட வருகிறவன் ஒன்று 'லில்', அதாவது சின்னவன், ஆக வேண்டும், இல்லையென்றால் 'பிக்', பெரியவன், ஆக வேண்டும். இவன் வந்து சேர்ந்தபோது பிக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

எழுதினேன். பாட்டைப் பற்றி ஒரு பத்தி வந்தது. மீதிப் பக்கமெல்லாம் அதைக் கேட்டவர்களின் மூஞ்சியைப் பற்றியே இருந்தது. இதில் பாட்டு எங்கே என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. தெற்கு மெம்ஃபிஸில் அதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தி நான்கைந்து நாள் தூங்காமல் திரிந்தாள். அவள் கோரியின் அக்கா. கட்டுரையைக் கிழித்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

2.

[தொடக்கம், கைவிடப்பட்டது: மிசிசிப்பி நதி பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு அலையிலும் ஒரு பாட்டனின் —]

இந்தக் கதையில் யாரும் நதியைப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது.

[தொடக்கம், இதுவும் கைவிடப்பட்டது: தன் தம்பி ஒரு மேதை என்று ஷானிஸுக்குத் தெரியும். அல்லது மேதை இல்லை என்று. இரண்டில் எது என்பதுதான் —]

பரவாயில்லை. ஆனால் உள்ளே வருகிறவரின் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. காப்பி கொடுத்துவிட்டுப் பிடிப்போம்.

[தொடக்கம், வைத்துக்கொள்ளப்பட்டது:]

ஷானிஸ் டன்ஸ்டாலின் காருக்கு டிக்கி இருந்தது. ஷானிஸுக்கு டிக்கி இல்லை. கடைக்குப் போனால் வாங்கிய முட்டையும் பாலும் பின்சீட்டில் உட்கார்ந்து வரும். துவைக்கிற துணி முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். டிக்கி முழுக்கத் தம்பியின் ஒலிபெருக்கிகள். சித்தப்பா விட்டுப்போன அந்தப் பழைய செவர்லே, சிவப்பு விளக்கில் நின்றால் பின்னால் நம்பர் பலகை கடகடவென்று நடுங்கும். பக்கத்துக் காரில் இருக்கும் கிழவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். அவள் பல் மருத்துவமனையின் வெள்ளைச் சீருடையில், ஒன்றுமே நடக்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே நோயாளிகளுக்குப் பல் சுத்தம் செய்வது அவள் வேலை. மூன்று வருஷமாக அவள் கார்தான் லில் கோரியின் மேடை, அலுவலகம், எதிர்காலம் எல்லாம்.

அந்தப் பேட்டையில் புதுத் தொகுப்பு வந்தால் யாரும் அதை வீட்டில் உட்கார்ந்து கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும், கோழி இறக்கை விற்கிற கடைக்கும் ஹோசியா மக்கின்னியின் ஸ்பீக்கர் கடைக்கும் நடுவில் இருக்கும் திடலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைப்பார்கள். சனம் சுற்றி நிற்கும், திறந்த சவப்பெட்டியைச் சுற்றி நிற்பது போல. சில ஞாயிறுகளில் அந்த ஒப்புமை சரியாகவே இருந்துவிடும்.

பாட்டைப் பற்றி வாயால் யாரும் பேச மாட்டார்கள். தலையை ஆட்டினால், தெருவில் தெரிந்தவனுக்குச் செய்கிற மரியாதை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிரித்தால் இரக்கம். "நல்லா இருக்கு தம்பி" என்று யாராவது தோளைத் தட்டிவிட்டால் அந்தப் பையன் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான். உச்சபட்ச விருது ஒன்றே ஒன்று. முகம் சுளிப்பது. கெட்டுப்போன பாலை மோந்தவன் போல மூக்கு மேலே ஏற வேண்டும், உதடு ஒரு பக்கம் கோண வேண்டும், கண் சுருங்க வேண்டும். அதோடு திரும்பிக்கொண்டு, சண்டை போட்டவன் மாதிரி நாலு எட்டு தள்ளிப் போனால் அது தங்கப் பதக்கம்.

(அடிக்குறிப்புக்கு இடமில்லாததால் இங்கேயே: நம்முடைய சபாக்களிலும் இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கேன்டீன் போண்டாவுக்காக இருக்கும். பாட்டுக்கு, அது எவ்வளவு மோசமாக இருந்தாலும், தொடையில் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். எந்த ஊர் நாகரிகம் மேல் என்று நான் சொல்லப் போவதில்லை.)

சுளிக்கிற முகங்களில் உயர் நீதிமன்றம் ஹோசியா அண்ணனுடையது. அந்தப் பேட்டையின் கார்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி பொருத்தியவர். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவனுடைய பாட்டைக் கேட்டு முகம் சுளித்தார். அவன் இன்று அட்லாண்டாவில் நீச்சல் குளம் வைத்த வீட்டில் இருக்கிறான். அதற்குப் பிறகு வந்தவனெல்லாம் தன் டிக்கியைக் கடைக்கு நேராகத்தான் திறந்தான். ஹோசியா அண்ணன் வாசலில் நின்று இறக்கை தின்பார், எலும்பைப் போடுவார், விரலை நக்குவார். முகம் அசையாது. அவருக்கு ஒரு பக்கம் வாதம் வந்துவிட்டது, அதனால்தான் அசையவில்லை என்று பாட்டு எடுபடாதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தியும் உண்டு.

3.

அந்த ஞாயிறு ஷானிஸ் திடலுக்கு வந்ததற்குக் காரணம் கலை இல்லை. கார் அவளுடையது, அது இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. கைப்பையை இடுக்கிக்கொண்டு, ஆராதனைக்குப் போட்ட செருப்பு கடிக்க, கோழிக்கடைச் சுவரோரம் நின்றாள்.

முதல் பாட்டுக்கு நாலைந்து தலைகள் ஆடின. இரண்டாம் பாட்டில் முன்வரிசையில் நின்ற ஒருவர் எலுமிச்சை மிளகு இறக்கை சொல்லப் போய்விட்டார். கோரியின் தாடை இறுகுவதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். சின்ன வயதில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது இறுகுகிற அதே தாடை. அவன் பக்கத்தில் ராஷாட், தாளம் அமைத்தவன், ஒலிபெருக்கியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பது போல.

மூன்றாம் பாட்டு வந்தது. அந்தப் பாட்டில் கோரிக்கு மூன்று கார்கள். மூன்றும் கறுப்பு. அவனைக் கண்டால் எதிரிகள் தெருவை மாற்றிக்கொள்கிறார்கள். எதிரிகள் யார் என்று ஷானிஸுக்கு இன்றுவரை தெரியாது. கடைசியாக அவனிடம் கோபப்பட்டது நூலகத்து அம்மாள்தான். மாட்டுமணிச் சத்தம் ஒன்று இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்க, அடியில் ஏதோ ஒன்று பூமிக்குக் கீழிருந்து முனகியது. நம்பர் பலகை நடுங்கியது. கோழிக்கடைக் கண்ணாடி நடுங்கியது.

அப்போது ஹோசியா அண்ணனின் முகம் சுளித்தது.

சும்மா சுளிக்கவில்லை. மூக்கு நெற்றியில் ஏறியது. ஒரு கண் மூடியே போயிற்று. உதடு காதுவரை கோணியது. கையிலிருந்த இறக்கையை வீசினார், பேப்பர் துண்டால் வாயைப் பொத்தினார், துண்டைக் கீழே போட்டார், கன்னத்தில் கை வைத்தபடி திரும்பிக் கடைக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

திடலே அந்தக் கதவின் பக்கம் திரும்பியது. முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறார்கள். தள்ளிப் போனதைப் பார்த்திருக்கிறார்கள். கடையையே அடைத்துவிட்டுப் போனதை யாரும் பார்த்ததில்லை. பிறகு ஒரே கூச்சல். ராஷாட் டிக்கிக்குள் தலையை விட்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"கதவச் சாத்திட்டாருடா மாப்ள," என்று கோரியிடம் சொன்னான். "கதவையே சாத்திட்டாரு."

கோரி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ அத்தனையையும் போனில் பிடித்திருந்தார்கள்.

4.

[இங்கே ஒரு பத்தி வெற்றியைக் கொண்டாடுவதாக இருந்தது. வேகத்தடை. எடுத்துவிட்டேன்.]

திங்கட்கிழமை காலை மருத்துவமனை திறக்கிறபோதே வாசலில் ஹோசியா அண்ணன் நின்றிருந்தார். கன்னம் வீங்கி, ஒரு பக்கம் பன் வைத்தது போல இருந்தது. ஷானிஸைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. வலி அவரை உள்ளே தள்ளியது.

படம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. மருத்துவர் மரக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஷானிஸ் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டாள். கேட்பது அவள் வேலை.

"கோழி எலும்பு தங்கச்சி. நேத்து."

"நேத்துன்னா, திடல்லயா?"

"ம்."

"பாட்டு ஓடிக்கிட்டு இருந்தப்பவாண்ணே?"

ஹோசியா அண்ணன் தலைக்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார்.

"எந்தப் பாட்டு?" என்றார்.

ஷானிஸ் குழாயைக் கீழே வைத்தாள். அவருக்கே அப்போதுதான் தாம் சொன்னது உறைத்திருக்க வேண்டும். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். இது வெளியே போகக் கூடாது என்றார். இத்தனை வருஷமாக அந்த வாசலில் நின்று தின்கிறவனுக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாமே என்று ஊர் சிரிக்கும் என்றார். ஒரு பையனின் வாழ்க்கை இதில் தொங்குகிறது என்பதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. எலும்புதான் அவர் கவலை.

"சட்டப்படியே நான் யார்கிட்டயும் சொல்ல முடியாதுண்ணே," என்றாள். நோயாளியின் விஷயம் மருத்துவமனைச் சுவரைத் தாண்டக் கூடாது; தாண்டினால் வேலை போய்விடும். அவள் தலைக்குப் பின்னால் சுவரிலேயே அது ஒட்டியிருந்தது.

"நல்ல சட்டம்," என்றார் ஹோசியா அண்ணன், திரும்பச் சாய்ந்துகொண்டு.

"அப்ப தம்பி பாட்ட இன்னொரு தடவ கேட்டுச் சொல்லுங்க. மொத பாட்டுலேருந்து."

"வீக்கம் வடியட்டும்."

"காதுலயுமா வீக்கம்?"

"பல்லு வலிச்சா காது கேக்காது தங்கச்சி," என்றார். அதற்குள் நாக்கு மரத்து, வாய் கோணிவிட்டது. அவருடைய முகம் மறுபடியும் ஒரு மாபெரும் பாட்டைக் கேட்டது போல ஆயிற்று.

5.

இங்கே நிறுத்தி ஒன்று பேச வேண்டும். பாட்டுக்காரனின் அக்கா பல் மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பது ரொம்ப வசதியாக இருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவளை வரி அலுவலகத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஹோசியா அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. இன்னொரு வரைவில் பேருந்து ஓட்டவைத்தேன். அவர் ஏறினார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், இறங்கிப் போய்விட்டார். கதையும் அவரோடு இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் வெள்ளைச் சீருடையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அவள் யாரிடமும் சொல்லாதபோது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அந்தச் சட்டம் மருத்துவமனை ஊழியர்களுக்கு. கதை எழுதுகிறவர்களை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தியிருந்தால் இலக்கியத்தில் பாதி சிறைக்குள் இருக்கும். மீதி எழுதப்பட்டே இருக்காது.

(பாதி அடைப்புக்குறி: ஹோசியா அண்ணனை வில்லனாக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் பல் வலியோடு வில்லத்தனம் செய்வது —

மூட மறந்துவிட்டேன். இருக்கட்டும்.

அந்த வாரம் முகம் பரவியது. பாட்டு பரவவில்லை, முகம் பரவியது. அந்த வீடியோவில் பாட்டு சரியாகக் கேட்கக்கூட இல்லை. காற்றுச் சத்தமும் எண்ணெய் கொதிக்கிற சத்தமும்தான். புதன்கிழமைக்குள் அந்த முகத்தைப் போட்டுச் சட்டை வந்துவிட்டது. இரண்டாம் பாட்டில் இறக்கை வாங்கப் போனவர், தான் ஆரம்பத்திலிருந்தே முன்வரிசையில் நின்றதாகச் சொல்ல ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற விட்டேக்கர் என்ற வெள்ளைக்காரப் பையன் இணையத்தில் நீண்ட கட்டுரை எழுதினான். அதில் இப்படி ஒரு வரி: 'அந்த முகத்தில் மிசிசிப்பி டெல்டாக் கறுப்பின மக்களின் ஒரு நூற்றாண்டு வலி, ஒரு கணம் மேலே வந்து மறைந்தது.'

வலி என்பது சரி. வயதுதான் கொஞ்சம் கூட. ஷானிஸ் அந்த வலியின் படத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள். அதன் நீள அகலம் அவளுக்குத் தெரியும். அவளுடைய மருத்துவரும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டி, என்ன மாதிரியான எழுத்து என்று வியந்தார். யாருடைய பல்லை உடைத்து எடுத்தார் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் வாயைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். இனி சிரிப்பதானால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சிரிக்கவும்.

கோரி விமான நிலையத்தில் பார்சல் பிரிக்கிற இடத்தில் பகுதிநேர வேலை பார்த்தான். பெல்ட்டில் பெட்டி வரும். ஊர் பார்த்துத் தள்ள வேண்டும். அங்கே அவனுக்குப் பகல்நேர நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மருத்துவக் காப்பீடு உண்டு, பல்லுக்கும் சேர்த்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சரியென்றோ வேண்டாமென்றோ போனில் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்துக்கு வெளியே எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கம், முகத்தைப் பார்த்துவிட்டு லிட்டில் ராக் நகரத்திலிருந்து ஒரு ஆள் பேசினான். வேன் இருக்கிறது, ஷ்ரீவ்போர்ட், ஜாக்சன், மொபீல் என்று குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் பாடிச் சுற்றலாம், சனிக்கிழமை கிளம்பு என்றான். ராஷாட் அதற்குள் பெட்டி கட்டிவிட்டான்.

ஆக, ஒரு கடைவாய்ப்பல்லை நம்பி இரண்டு பையன்கள் வேனில் ஏறப் போகிறார்கள். அது கடைவாய்ப்பல் என்று தெரிந்தவள் ஒருத்தி. அவள் வாயைத் திறந்தால் அவள் வேலை போய்விடும். திறக்காவிட்டால் அவன் வேலை போய்விடும்.

6.

ஆசிரியர் கேட்ட கட்டுரை இந்தப் பகுதியில் ஒளிந்திருக்கிறது. கேலி கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

'டிக்கி திறந்திருக்கு' தொகுப்பில் ஆறு பாட்டுகள் ராஷாட்டின் அத்தை வீட்டுத் துணி அலமாரிக்குள் பதிவானவை. அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தொங்குகிற குளிர்காலக் கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும். ஏழாவது பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய அன்றைக்கு அத்தைக்கு அலமாரி தேவைப்பட்டது. ஆகவே கோரி தன் வீட்டுச் சமையலறையில், போனை ரொட்டி டப்பாவில் சாய்த்துவைத்துப் பாடினான். பின்னால் ஃப்ரிட்ஜ் முனகுகிறது. தாளம் என்று எதுவும் இல்லை. மேஜையில் விரல் தட்டுகிற சத்தம். ஆறு பாட்டோடு நிறுத்தினால் தொகுப்பு குட்டையாகத் தெரியும் என்று அதைக் கடைசியில் ஒட்டினான்.

அந்தப் பாட்டில் கறுப்புக் கார்கள் இல்லை. எதிரிகள் இல்லை. அவன் கையைத் தாண்டிப் போகிற பெட்டிகள் இருக்கின்றன. என் தமிழில் சுமாராக இப்படி வரும்:

டுலூத் போற பெட்டி, டகோமா போற பெட்டி,
என் கை படாத ஊரு இல்ல, கால் பட்ட ஊரு இல்ல.
மேல எழுதின பேர வாய்விட்டுப் படிக்கிறேன்,
ஒருத்தியும் திரும்பிப் பாக்கல, பெல்ட்டு நிக்கல.

அதற்கப்புறம் பெயர்களும் ஊர்களும்தான். வேறொன்றும் இல்லை. ஆனால் மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்காமல் அடுத்த ஊரைப் பிடிக்கிறான். பெட்டி காத்திருக்காது என்பதால் அவனாலும் காத்திருக்க முடியவில்லை. ஒரு ஊரின் பெயரில் நாக்கு பிசகுகிறது. திருத்தவில்லை, அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறான். கடைசியில் பாட்டு முடிவதில்லை. ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் வாழ்ந்துகொண்டு, தலைக்கு மேலே போகிற சரக்கு விமானங்களின் சத்தத்தை ஒருநாளாவது கேட்டவன், அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று உடனே அறிவான்.

ஷானிஸுக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான். காரில் தனியாகப் போகும்போது மூன்றாம் பாட்டைத் தாண்டி, ஆறையும் தாண்டி, அதைப் போடுவாள். நம்பர் பலகை நடுங்காது. அவனிடம் இதைச் சொன்னதில்லை.

இதில் ஒரு சின்ன விவரம். அந்த ஞாயிறு திடலில் இந்தப் பாட்டு ஒலிக்கவே இல்லை. மூன்றாம் பாட்டோடு முகம் சுளித்துவிட்டது. அதற்குப் பிறகு பாட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. விட்டேக்கரின் கட்டுரையிலும் இது இல்லை. சட்டையிலும் இல்லை.

7.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஷானிஸ் வேலை முடிந்து வந்தபோது, கோரி அவள் காரை மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். போன் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. ராஷாட்டின் பெயர் அதில் வந்து வந்து போயிற்று.

அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"கூப்புட்டுச் சொல்லிட்டியா?"

"இல்ல. அஞ்சு வரைக்கும் இருக்கு."

எதிரே ஒருத்தி, ஊசி போட்ட வாயோடு, கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு தன் காரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஷானிஸ் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். வேலை போனால் போகிறது என்று அந்த மூச்சில் முடிவெடுத்தாள்.

"கோரி. ஹோசியா அண்ணனோட அந்த மொகம் இருக்குல்ல..."

"பல்லு," என்றான் கோரி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்துலதானக்கா நின்னேன். பேப்பர்ல துப்புனத கீழ போட்டுட்டுப் போனாரு. வெள்ளையா கெடந்துச்சு. எலும்புன்னுதான் நெனச்சேன். எலும்புக்கு எந்த ஊர்ல சிமெண்டு வெச்சு அடைக்கிறாங்க?"

"நீ அப்பவே பாத்துட்டியா?"

"அப்பவே."

"அப்பறம் எதுக்குடா இந்த ஆட்டம்? சட்டை, வேனு, பெட்டி..."

"நான் எங்க ஆடுனேன்? நான் வாயே தெறக்கல. ஊரு ஆடுது." அவன் ஸ்டியரிங்கின் தையலை நகத்தால் நோண்டினான். "ராஷாட் அழுதான்க்கா. ஸ்பீக்கரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதான். அவங்கிட்டப் போயி, டேய், அது பல்லுடான்னு சொல்லவா?"

"வேன்ல ஏறப் போறது நீ."

"அதான் வந்தேன்."

அவனுடைய தாடை இறுகியது. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மூணு வருஷமா உன் டிக்கியிலதான் ஓடுது. நீ ஒரு தடவகூட மொகத்த ஒண்ணும் பண்ணதில்ல. ஆடவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. மத்தவன் மொகமெல்லாம் எனக்கு எதுக்கு? பல்லு வலி இல்லாத ஆளு நீ ஒருத்திதான் இருக்க."

ஷானிஸ் ஏழாவது பாட்டைப் போடச் சொன்னாள். அது சும்மா இடம் நிரப்பப் போட்டது, அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்றான். போடு என்றாள். போட்டான். பின்னால் ஒலிபெருக்கிகள் இருப்பதே தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் முனகியது. டுலூத் போயிற்று, டகோமா போயிற்று. நாக்கு பிசகிய இடத்தில் கோரி நெளிந்தான்; அவள் நெளியவில்லை. பாட்டு நின்றது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வேலை முடிந்து வருகிற முகம். அவ்வளவுதான்.

"மொகத்த வெச்சு ஒண்ணும் புரியலக்கா. வாயால சொல்லு. என் பாட்டு எப்படி இருக்கு?"

அந்தப் பேட்டையில் யாரும் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் பதில் இருந்தது. சிக்கல் அதுவல்ல. ஆறு பாட்டு அவளுக்கு ஒன்றுமில்லை, ஏழாவது நிஜம். ஆனால் அதைச் சொன்னால் எந்தப் பக்கம் தள்ளுவதாகும்? இப்படி ஒன்றைப் பாட முடிந்தவன் வேனில் ஏறத்தான் வேண்டும் என்றா? இல்லை, அந்தப் பாட்டு பெல்ட்டில் பிறந்தது, பெல்ட்டை விட்டுவிட்டுப் போனால் இனி கறுப்புக் கார்கள்தான் வரும் என்றா? ஷ்ரீவ்போர்ட்டில் இருப்பவர்கள் மூன்றாம் பாட்டைத்தான் கேட்பார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

8.

[முடிவு, கைவிடப்பட்டது: ஷானிஸ் உண்மையைச் சொன்னாள். கோரி போனை எடுத்துச் சரி என்றான். இன்று அவன் பகல்நேர மேற்பார்வையாளர். பற்கள் அத்தனையும் பத்திரம். அந்தத் தொகுப்பின் ஒரு பிரதியை பெல்ஜியத்தில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் —]

இது பிள்ளைகளுக்குப் பெற்றோர் படித்துக்காட்டுகிற முடிவு.

[முடிவு, இதுவும்: ஷானிஸ் பொய் சொன்னாள். வேன் கிளம்பியது. ஜாக்சனில் கூட்டமே இல்லாத ஒரு அரங்கில், ராஷாட் தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கோரி மேஜையில் விரலால் தட்ட ஆரம்பித்தான். பின்வரிசையில் இருந்த ஒருத்தி மெல்ல —]

மெல்ல என்ன? அழுதாள் என்று எழுத வந்தேன். எழுத எழுத எனக்கே முகம் சுளித்தது, அதுவும் இந்த ஊர்ச் சுளிப்பு அல்ல.

மூன்றாவதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். ஷானிஸ் வாயைத் திறக்கிறாள் என்பதுவரை வந்தது. அதற்கு மேல் நான் எதைப் போட்டாலும் அது அவள் சொன்னதாக இருக்காது. அந்தத் தொகுப்பைப் பற்றி நான் நினைப்பதாகத்தான் இருக்கும். என்னை நம்பி ஒருவன் வேலையை விடுவதோ சேருவதோ எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கட்டுரை எழுதச் சொன்னால் மூஞ்சியைப் பற்றி எழுதுகிறவன்.

ஆகவே நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். சீட்டில் துணிமூட்டை இருந்தால் பின்னால் தள்ளிவிடுங்கள். அவன் வண்டியைக் கிளப்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஐந்தாக இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஏழு பாட்டில் இரண்டைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியும், அதுவும் என் வாய்வழியாக. இருந்தாலும் ஹோசியா அண்ணன் கேட்டதைவிட அது அதிகம்.

வாயால் சொல்லுங்கள்.